நடுவதற்கு ஆள் வருகிறது, தூர் வாருவதற்கு வருவதில்லை: பிச்சாவரம் வாய்க்கால்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மாவட்டக் கடற்கரையில் மரம் நடும் விழாவுக்கு ஆள் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஜூலை 26 அலையாத்திக் காடுகள் நாள் என்று வந்துவிட்டால் கல்லூரிப் பேருந்து, தொப்பி, பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் தானாக வந்து சேரும். சேற்றில் இறங்கி நடுகிறவர்களின் உற்சாகமும் உண்மையானதுதான். ஆனால் அன்று நட்ட கன்று மூன்றாம் ஆண்டிலும் நிற்க வேண்டுமானால், ஓதம், அதாவது கடல் நீர் மட்டம், ஏறும்போது அதன் வேருக்குக் கழித் தண்ணீர் வர வேண்டும், இறங்கும்போது வடிந்து போக வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்துபோனால் கன்றும் போய்விடும். தூர் வாரும் நாளுக்குப் பேனர் கிடையாது. பெரும்பாலும் ஆளும் கிடையாது.

பிச்சாவரத்தைப் பற்றி எழுதுகிற பலரும் நட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். தூர் வாரும் கதைதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரு பாதுகாப்பு வேலையில் மக்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்பதைப் பற்றி நடத்தை அறிவியல் கடந்த அரை நூற்றாண்டில் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் இந்த ஒரு காட்டோடு வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

பழி விழுந்த இடம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. வெண்கண்டல்தான் அதிகம். ஓடைகளின் ஓரத்தில் தாங்குவேர்களை ஊன்றி நிற்பவை சுரபுன்னை. சற்று மேடான பக்கம் தில்லை மரங்களும் உண்டு, சிதம்பரம் கோயிலின் தல மரம் அதுதான். 2022-ல் இந்தக் காடு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

1980களில் இதன் நிலை வேறு. காட்டுக்குள்ளே பல இடங்கள் மொட்டையாகக் கிடந்தன. உமிரிச் செடி மட்டும் அங்கங்கே முளைத்து, கோடையில் தரையில் உப்புப் பூத்த வெட்டவெளி. யார் அழித்தது என்று கேட்டால் பதில் கையோடு இருந்தது: சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு விடுகிறார்கள். அந்தப் பதிலில் இருந்து கிளம்பும் தீர்வும் எல்லோருக்கும் தெரிந்ததே. வேலி போடு, அபராதம் போடு, விழிப்புணர்வு முகாம் நடத்து.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மண்ணையும் நீரையும் உப்பையும் அளந்து பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே கூப்பு முறையில் மரம் வெட்டியிருக்கிறார்கள். காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரே வீச்சில் வெட்டிவிட்டு, அது தானாக வளர்ந்துகொள்ளும் என்று விட்டுவிடும் முறை அது. சதுப்பு நிலத்தில் அது வளரவில்லை. நிழல் போனதும் சேற்றின் ஈரம் ஆவியாகி மண் அமுங்கியது. வெட்டிய பாகத்தின் நடுப்பகுதி தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் நீர் போக, உப்பு தங்கியது. வருடத்துக்கு வருடம் உப்பு ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத நிலமாகிவிட்டது.

ஊர்க்காரர்கள் விறகே எடுக்கவில்லை, மாடே மேய்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை. எடுத்தார்கள், மேய்த்தார்கள். ஆனால் அதை நாளைக்கே நிறுத்தியிருந்தாலும் அந்த மொட்டை நிலத்தில் ஒரு கன்றுகூட முளைத்திருக்காது. தண்ணீர் போக வழி இல்லை, அவ்வளவுதான்.

இதில் நடத்தை அறிவியலுக்கு ஒரு முதல் பாடம் இருக்கிறது. ஒருவருடைய சூழ்நிலையால் நடந்ததை அவருடைய குணத்தால் நடந்ததாக நினைத்துக்கொள்ளும் சாய்வு நம் எல்லோருக்கும் உண்டு. உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் இதை ஒரு அடிப்படைப் பிழை என்றே விவரித்தார். காட்டோரத்து ஏழைகள் விஷயத்தில் இந்தப் பிழை இன்னும் வேகமாக நடக்கிறது. 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று தொடங்கும் எந்தத் திட்ட அறிக்கையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. யாருக்கு எது தெரியவில்லை என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

பழி இறங்கியதில் இன்னொரு பயன். திருடன் என்று சொல்லிவிட்டு அதே வாயால் 'வாருங்கள், சேர்ந்து காப்போம்' என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? காடு அழிந்ததற்கு நீங்கள் காரணமில்லை, பழைய வெட்டு முறைதான் காரணம் என்று கையில் ஆதாரத்தோடு சொன்னபோதுதான் பேச்சே தொடங்க முடிந்தது.

மீன்முள் வாய்க்கால்

தீர்வு கேட்பதற்கு எளிமையானது. தேங்கிய நீர் வெளியேற வேண்டும், புது நீர் வந்து போக வேண்டும். அதற்கு அருகிலுள்ள இயற்கை ஓடையிலிருந்து மொட்டை நிலத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்ந்து பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலே நின்று பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. கரை சரிந்துவிடாமல் இருக்க, மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் தோண்டுவார்கள். கன்றுகளை வாய்க்கால் சரிவில் நடுவார்கள். முழுக மூழ்கவும் கூடாது, காயவும் கூடாது. ஓதம் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது வெளியே தெரியும் உயரத்தில் நட வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்தது. 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருப்பதாக அது சொன்னது. அவ்வளவும் வாய்க்காலால் மட்டும் வந்தது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டு நின்றதும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் தானாக மீளவே முடியாத குழிவுகள் மீண்டதற்கு இந்த வாய்க்கால்களே காரணம்.

சிக்கல் இங்கேதான். வாய்க்கால் என்பது ஒரு முறை வெட்டி முடிக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து போடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் நிறையக் கொண்டுவரும். நண்டு வளை தோண்டித் தோண்டிக் கரை சரியும். முதலில் அடைவது கிளை வாய்க்காலின் கடைக்கோடி. வெளியே படகில் போகிறவர்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வாய்க்கால் முகப்பில் தண்ணீர் நிறைந்து நிற்கும், உள்ளே கடைசி வரிசைக் கன்றுகளின் இலை மஞ்சளாகிக்கொண்டிருக்கும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது தூர் வாரியாக வேண்டும். கன்று மரமாகி வேர் பிடித்து, நிலமே தன் போக்கைக் கண்டுகொள்ளும்வரை இது நடக்க வேண்டும்.

நடுவது ஒரு நாள் நிகழ்ச்சி. தூர் வாருவது ஒரு வழக்கம். நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கும் உத்திகள் வழக்கத்துக்கு உதவுவதில்லை என்பதுதான் இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது.

ஊர் எப்படி உள்ளே வந்தது

கூட்டு மேலாண்மைக்காகக் காட்டோர ஊர்களில் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர். கேட்பதற்குச் சாதாரண விதிபோல் இருக்கும். கடலூர்க் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். இங்கே மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பெரிய செல்வாக்கு. கோயில் திருவிழா என்றாலும், சண்டை சச்சரவு என்றாலும், எந்த வலை போடலாம் எந்த வலை கூடாது என்றாலும் பஞ்சாயத்தார் சொல்வதுதான். வரியும் தலைக்கட்டுக் கணக்கில்தான் வசூல். தலைக்கட்டு என்றால் மணமான ஆணின் குடும்பம். கூட்டத்தில் பெண் உட்காருவதில்லை. விறகு எடுக்கப் போவதும், நண்டு இறால் விற்பதும், தண்ணீர் சுமப்பதும் பெண்கள். காட்டைத் தினமும் தொடுகிறவர்களை விட்டுவிட்டுக் காட்டைப் பற்றி முடிவு எடுத்தால் அந்த முடிவு காட்டுக்குள் போகாது.

பொதுச் சொத்துகளை ஊர்கள் எப்படிக் காலகாலமாகக் காப்பாற்றி வருகின்றன என்று ஆராய்ந்து 1990-ல் நூல் எழுதியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் கண்ட பொது அம்சங்களில் சில: எதுவரை யாருடையது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதி அந்த இடத்து நிலைமைக்குப் பொருந்த வேண்டும், விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதை மாற்றும் உரிமை வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பொறுப்பானவராக இருக்க வேண்டும், அரசு அந்த உரிமையை அங்கீகரிக்க வேண்டும்.

கடைசி அம்சத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எம்.ஜி.ஆர். நகர் ஞாபகம் வரும். பிச்சாவரத்தை ஒட்டிய இருளர் குடியிருப்பு அது. அவர்கள் பரம்பரை மீனவர்கள் இல்லை என்பதால் மீனவர் என்ற அரசுக் கணக்கில் வரவில்லை. படகும் வலையும் பெரும்பாலும் கிடையாது, கைதான் கருவி. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் சேற்றோடு அகல விரித்துத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். விரல் நுனியில் இறால் துள்ளியதும் அப்படியே அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். கழுத்தைத் திருப்பி, கையைத் தூக்கி, பறிக்குள் விட்டு, மறுபடியும் குனிய வேண்டும். மணிக்கணக்கில் இதுதான். சேற்றில் கிடக்கும் சிப்பி விரலைக் கிழிக்கும். கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்கு வேலை போச்சு.

இவர்களுக்கு ஓடையின் ஆழம் காலில் தெரியும். எந்த வாய்க்கால் எந்த மாதம் தூர்கிறது என்பதை எந்த வரைபடமும் இல்லாமல் சொல்வார்கள். அப்படி ஒரு அம்மாவிடம், 'தூர் வாருற வேலைக்கு ஊர்லேர்ந்து ஏம்மா யாரும் வரல?' என்று கேட்டேன். 'எந்த வாய்க்கா எங்களுதுன்னு யாரு சார் சொன்னா? கூப்புட்டா வர்றோம். கூப்புடலன்னா அது காட்டு வாய்க்காதானே' என்றார். ஆஸ்ட்ரம் சொன்ன முதல் அம்சத்தையும் கடைசி அம்சத்தையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அழைத்தால் வரும் கூலியாள் என்ற இடத்தில் ஒருவரை வைத்துவிட்டு, அழைக்காமலே வரும் பொறுப்பாளியாக அவர் நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூலி கெடுக்குமா

'காசு கொடுத்துப் பழக்கிவிட்டால் அப்புறம் காசில்லாமல் வரமாட்டார்கள்' என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரமாக இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து ஆய்வைச் சொல்வார்கள். யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இருவர் குழந்தைகள் காப்பகங்களில் செய்து 2000-ல் வெளியிட்டது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு சேவைக்கான விலையாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

சரியான ஆய்வுதான். ஆனால் அதிலிருந்து 'ஏழைக்குக் கூலி கொடுக்காதே' என்ற முடிவுக்குப் போவது பெரிய தாவல். அதே இருவர் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வைப் பலர் சொல்வதில்லை. நன்கொடை திரட்டப் போன மாணவர்களில், சும்மா போனவர்களைவிடச் சொற்பப் பணம் பெற்றவர்கள் குறைவாகத் திரட்டினார்கள். பணத்தைக் கூட்டியதும் உழைப்பு கூடியது. கொடுத்தால் உருப்படியாகக் கொடு, இல்லையேல் கொடுக்காதே என்பதுதான் அதன் சாரம். நம் ஊர்த் திட்டங்களில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவது வகை. அரைக் கூலி, அதுவும் இரண்டு மாதம் கழித்து.

தினம் துழாவினால்தான் அன்றைய அரிசி என்று இருக்கும் குடும்பத்திடம் 'பங்கேற்பு' என்ற பெயரில் இலவச உழைப்பு கேட்பதை நான் ஏற்கவில்லை. நகரத்திலிருந்து போகும் அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் எனக்கும் அன்றைய சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இடுப்பளவுச் சேற்றில் நிற்பவர் மட்டும் ஏன் காட்டின் மேல் உள்ள அன்பால் வேலை செய்ய வேண்டும்? வண்டல் வெட்டுவது கடுமையான உடல் உழைப்பு. அதற்குக் கூலி வேண்டும். எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது, எப்போது வெட்டுவது, யார் யார் வருவது என்ற முடிவு ஊரிடம் இருக்க வேண்டும். முடிவும் மேலிருந்து வந்து கூலியும் மேலிருந்து வந்தால்தான் அது வெறும் கூலி வேலையாகிறது. கெடுதல் கூலியில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

பயம் எவ்வளவு நாள் தாங்கும்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அலையாத்தியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மணல்திட்டில் கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் சுனாமியில் சிதைந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர் தப்பியது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், நடந்ததில் எவ்வளவு வித்தியாசம் என்று இன்றும் பேசுவார்கள். கடலூர்க் கடற்கரையை ஆராய்ந்து 2005-ல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையும், மரங்கள் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்றது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு அதே திசையில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, தரையின் உயரத்தையும் கடலிலிருந்து இருந்த தூரத்தையும் கழித்துவிட்டால் காட்டின் பங்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள்.

இந்த விவாதத்தை ஊரில் மறைக்கக் கூடாது. காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் 'காடு இருந்தால் சுனாமி வராது' என்று பேசிவிட்டால், அடுத்த பெரும் அலை அன்று ஓட வேண்டியவர்கள் ஓடாமல் நின்றுவிடலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது எத்தனை தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. மரத்தால் முடிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அதிகமாகச் சொன்னால் நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

அதைவிட, பயம் ஒரு முறை நடவுக்கு ஆள் கூட்டும். வருடா வருடம் தூர் வார அது போதாது. 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த அலை அப்பா அம்மா சொன்ன கதை.

பயத்துக்குப் பதிலாக என்ன என்பதற்கு இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாவை நூற்றுக்கணக்கில் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-ல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004-ல் தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு, அதைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் மகள் என்று சொன்னார். மகளை யார் வெட்டுவார்கள்? வலையில் மாட்டியதை மீனவர்களே வலையை அறுத்து விட்டார்கள். அறுந்த வலைக்கு அரசு நஷ்ட ஈடு கொடுத்தது. பிறகு மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்து, அவர்கள் எடுத்த படத்தையே ஆதாரமாக ஏற்றார்கள். கவனியுங்கள், மகள் என்ற சொல்லோடு நின்றுவிடவில்லை. வலையின் விலையும் வந்தது, அவர்கள் சொல்லுக்கு மதிப்பும் வந்தது.

இன்னொன்று நம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தீபாவளி வருகிறது. ஊரார் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு வருடமும் யாரும் போய் வகுப்பு எடுப்பதில்லை. பிள்ளைகள் வெடி இல்லாத தீபாவளியிலேயே வளர்கிறார்கள். நாள் ஒன்று இருக்கிறது, அந்த நாளில் ஊரே ஒன்றைச் செய்கிறது, அடுத்தவர் செய்வது கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது.

அடுத்தவர் செய்வது தெரிவது என்பதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 'பலர் இங்கிருந்து மரத்துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள், காடு மாறிக்கொண்டிருக்கிறது' என்ற பலகை வைத்த பாதையில், போட்டுவைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் திருடு போயிற்று. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் எழுதிய பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் கீழே. எல்லோரும் தவறு செய்கிறார்கள் என்று புலம்பினால், எல்லோரும் செய்வதுதானே என்று கேட்பவர் மனதில் பதிகிறது. 'தூர் வார யாருமே வருவதில்லை' என்று ஊர்க் கூட்டத்தில் திட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும். வந்த குடும்பங்களைச் சொல்ல வேண்டும். சென்ற முறையைவிடக் கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு வழக்கம் இன்னும் சிறுபான்மையாக இருந்தாலும், அது வளர்ந்துவருகிறது என்று தெரிந்தால் மக்கள் சேர்வார்கள் என்பதை 2017-ல் ஸ்பார்க்மன், வால்டன் என்ற இருவரின் ஆய்வு காட்டியது. எண் உண்மையாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

மனிதர்கள் மாறினால் தீராதது

எல்லாவற்றையும் ஊராரின் நடத்தைக்குள் அடக்கிவிடக் கூடாது. பிச்சாவரத்துக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, நன்னீரும் வேண்டும். அது கொள்ளிடம், உப்பனாறு, கான்சாகிப் வாய்க்கால் வழியாக வர வேண்டும். காவிரிப் படுகையின் கடைமடை இது. மேலே தண்ணீர் குறைந்தால் இங்கே உப்பு கூடும், உப்பைத் தாங்கும் வெண்கண்டல் நிற்கும், மற்றவை ஒவ்வொன்றாகக் குறையும். இதை எம்.ஜி.ஆர். நகரில் எத்தனை கூட்டம் போட்டாலும் மாற்ற முடியாது. அங்கே மாற வேண்டியது அரசுகளின் முடிவு.

அரசு எண்ணும் விதமும் அப்படித்தான். 2023-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் மிஷ்டி திட்டம் 5 ஆண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தி என்று இலக்கு வைத்தது. இலக்கு பரப்பளவில் இருந்தால் கீழே உள்ளவர்கள் பரப்பளவைத்தான் காட்டுவார்கள். இத்தனை கிலோமீட்டர் வாய்க்காலில் மூன்றாம் ஆண்டிலும் தண்ணீர் கடைசிவரை போகிறது என்று கணக்குக் கேட்டால் அதற்கு ஏற்ற வேலை நடக்கும். அதிகாரிகளும் மனிதர்கள்தானே, அளக்கப்படுவதைச் செய்கிறார்கள்.

தூர் வாரும் நாளை எப்படி அமைப்பது

இந்த மாவட்டத்துக்குக் குடிமராமத்து புதிதில்லை. வீராணம் போன்ற சோழர் கால ஏரி நிற்கும் மண் இது. ஏரி பாயும் நிலத்துக்காரர்கள் தங்கள் பாசனத்துக்கு ஏற்ப ஆள் அனுப்பி வரத்து வாய்க்காலை வெட்டிவிடும் முறை ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஏரிகளுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. உப்பங்கழி வாய்க்காலுக்கும் அந்த முறை பொருந்தும். பயன் யாருக்கோ அவர்கள் பங்கு அதற்கேற்ப.

நாள் எது என்பதுதான் பாதி வெற்றி. 'முடிந்தபோது செய்வோம்' என்று எண்ணுவதைவிட, 'இன்ன நாள் வந்தால் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990களிலிருந்து காட்டிவருகின்றன. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்து ஊர்களுக்கு அப்படி ஒரு நாள் ஏற்கனவே இருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக்கு வருவார், முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. அன்று எந்த வீட்டுக்கும் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. வெளியூர் போனவர்களும் வந்துவிடுவார்கள். மழைக்கால வெள்ளம் போட்ட வண்டல் அதற்குள் படிந்திருக்கும், கோடை உப்பு ஏறுவதற்கு இன்னும் நாள் இருக்கும். வாய்க்காலுக்கும் அதுதான் சரியான நேரம். மகத்துக்கு முந்தைய வாரம் வாய்க்கால் வாரம் என்று ஊர்கள் தாங்களே வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். முடசல்ஓடை, அன்னங்கோயில் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு அது தோதுப்படவில்லை என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் வாரம் அவர்கள் முறை.

அடுத்தது பெயர். ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் ஒரு எண், முகப்பில் ஒரு கல். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கடைசிவரை இன்ன குடும்பங்கள் என்று மன்றத்தின் நோட்டில் எழுத வேண்டும், வனத்துறையின் கையெழுத்தோடு. அந்த வாய்க்காலில் கையால் துழாவிப் பிடிக்கும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு முதலில் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். உரிமை இல்லாத பக்கத்தில் கடமையை மட்டும் எழுதினால் நோட்டு மூடியே இருக்கும்.

அப்புறம் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரம் வளர ஆண்டுகள் ஆகும், ஓதம் ஒரே நாளில் தெரியும். கிளை வாய்க்காலின் கடைக்கோடியில் கோடு போட்ட ஒரு கம்பை ஊன்றிவைத்தால் போதும். வெட்டுவதற்கு முன் பௌர்ணமி ஓதத்தில் எந்தக் கோடுவரை நனைந்தது, வெட்டிய பின் எதுவரை என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஓதத்தோடு இறால் குஞ்சும் உள்ளே ஏறுவதைப் பறியோடு இறங்குகிறவர்கள் முதலில் கண்டுகொள்வார்கள்.

நோட்டை வைத்திருப்பது ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண் உறுப்பினராக இருக்கட்டும் என்பேன். கூலி அந்த வாரமே கையில் வர வேண்டும். வர முடியாத வீட்டுக்கு அபராதம் வேண்டாம், அடுத்த முறை இரட்டை நாள் என்று ஊரே பேசி வைத்துக்கொள்ளலாம். மூன்று மாசி மகம் தொடர்ந்து நடந்துவிட்டால், நான்காவதில் எந்த வாய்க்காலை விட்டுவிடலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். மரம் நன்றாகப் பிடித்த இடத்தில் அதற்கு மேல் வெட்டத் தேவையில்லை.